பிரிவு இல்லாத ஆற்றாமை

கு.ப. ராஜகோபாலனின் 'ஆற்றாமை' சின்னக் கதை. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் கமலாவும் அவள் கணவனும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். இன்னொரு பக்கம் சரஸ்வதி. அவள் கணவன் உத்தியோகத்துக்காக வேறு ஊரில் இருக்கிறான். அந்தப் பக்கத்துப் பேச்சும் சிரிப்பும் இவள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் கமலாவின் கணவனைத் தேடி ஒருவர் வருகிறார். ஏதாவது சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். சரஸ்வதி அனுப்பவில்லை. கூப்பிட்டு, அவர்களைக் கதவைத் திறக்க வைக்கிறாள். நடப்பது அவ்வளவுதான்.

கு.ப.ரா. 1944இல் காலமானார். இத்தனை வருஷம் கழித்தும் இந்தக் கதை வந்தால் 'பெண் மனசின் நுட்பம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நுட்பம்தான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அந்தத் தலைப்பு முக்கியமாகப் படுகிறது. அதை வைத்துக்கொண்டு தமிழில் தனிமை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

தலைப்பில் வெட்டப்பட்ட சொல்

திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். முதல் 7 களவியல், அடுத்த 18 கற்பியல். கற்பியலின் முதல் அதிகாரத்துக்குப் பெயர் 'பிரிவாற்றாமை'. கவனியுங்கள், கல்யாண வாழ்க்கையைப் பற்றிய பகுதியே ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்புவதில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு வரும் பல அதிகாரங்களும் பிரிந்திருப்பவர்களின் கண், மேனி, நினைவு, கனவு, மாலைப்பொழுது பற்றியவை.

கு.ப.ரா. அந்தச் சொல்லில் பாதியை எடுத்துவிட்டார். 'பிரிவு' போய்விட்டது, 'ஆற்றாமை' மட்டும் நிற்கிறது. இது அவர் திட்டமிட்டுச் செய்ததா என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. ஆனால் விளைவு பெரியது. பிரிவாற்றாமை என்றால் அதில் ஒரு மரியாதை இருக்கிறது. தலைவன் வருவான், தலைவி காத்திருக்கிறாள், அவள் மெலிவுகூட அழகு. வெறும் ஆற்றாமை என்றால் பேச்சு வழக்கில் என்ன அர்த்தம்? 'அவனுக்கு ஆற்றாமை, அதான் அப்படிப் பேசறான்' என்கிறோம். அதில் இயலாமையும் பொறாமையும் கலந்திருக்கிறது. மரியாதை இல்லை.

சரஸ்வதி செய்வதும் அப்படித்தான். அவள் மெலியவில்லை, நிலாவைத் திட்டவில்லை. அடுத்தவர் வீட்டுச் சுகத்தைக் கொஞ்சம் கெடுக்கிறாள். உடம்புக்கும் மனசுக்கும் துணை இல்லாமல் போனால் மனிதர்கள் உயர்ந்துவிட மாட்டார்கள், சில சமயம் சின்னத்தனமாகவும் ஆவார்கள். இதைத் திட்டாமல், மன்னிப்பும் கேட்காமல் எழுதியதுதான் கதையின் பலம்.

ஆனாலும் ஒரு எல்லை இருக்கிறது. சரஸ்வதிக்குக் கணவன் உண்டு, வேறு ஊரில் இருக்கிறான். அவள் இன்னும் 'பிரிவு' என்ற வீட்டுக்குள்தான் இருக்கிறாள். ஆளே இல்லாதவர்? கல்யாணமே ஆகாதவர், துணையை இழந்தவர், வயதானவர்? இவர்களுக்கு நம் இலக்கியத்தில் எந்த அறை?

அகத்துக்கு வெளியே

விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அகத்திணை ஏழு. நடுவில் உள்ள ஐந்தும் இரண்டு பேரும் மனம் ஒத்த காதல். ஒரு ஓரத்தில் கைக்கிளை, அதாவது ஒருதலையான விருப்பம். மறு ஓரத்தில் பெருந்திணை, பொருந்தாத காமம். பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். பள்ளிக்கூடத்தில் சொல்லாத மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று. தலைவன் காட்டு வழியே பொருள் தேடப் போனால் அது பாலை. அகத்தின் நடுவே இருக்கிறது. அதே வழியில் அவன் செத்துப்போய் அவள் தனியாக நின்று அழுதால் அதற்குப் பெயர் முதுபாலை. அது புறத்திணையியலில், காஞ்சித் திணையின் கீழ் வருகிறது. காதலியை இழந்தவனின் தபுதார நிலையும், காதலனை இழந்தவளின் தாபத நிலையும் அங்கேதான். காஞ்சி எதற்குப் புறம் என்றால் பெருந்திணைக்கு. அதாவது வரப்போகிறவனுக்காக ஏங்கினால் அகம். வரவே மாட்டான் என்றால் அந்த ஏக்கம் வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. உணர்ச்சி ஒன்றுதான், முகவரி மாறிவிட்டது.

இரண்டு. பெருந்திணையில் தொல்காப்பியர் நாலு விஷயங்களைச் சேர்க்கிறார். மடலேறுவது, இளமை தீர்ந்தபின் வரும் விருப்பம், தெளிவு இழந்த காமம், வலிந்து கொள்ளும் காமம். வயதானவரின் ஆசையும் பலாத்காரமும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன.

மூன்று. அடியோரும் வினைவலரும், அதாவது ஏவல் செய்பவர்களும் தொழில் செய்பவர்களும், இந்த ஐந்துக்கு வெளியே உள்ள திணைகளில் தலைமக்களாக வரத் தடையில்லை என்கிறது ஒரு சூத்திரம். வெளியே தடையில்லை என்றால் உள்ளே? இளம்பூரணர் காரணம் சொல்கிறார்: அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் நடப்பது பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களுக்கு அரிது. எனக்கு இதில் கோபமும் வருகிறது, மரியாதையும் வருகிறது. கோபம் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மரியாதை எதற்கு என்றால், தன் நேரம் தன் கையில் இல்லாதவனுக்குக் காதல்கூடக் கைக்கு எட்டாது என்பதை அந்த உரைகாரர் பார்த்திருக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். இது செய்யுள் இலக்கணம், சமூகச் சட்டம் இல்லையே? சரிதான். புறத்தில் போடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. போர்வைக்கோப் பெருநற்கிள்ளியை விரும்பி நக்கண்ணையார் பாடிய மூன்று பாட்டுகள் (புறநானூறு 83, 84, 85) கைக்கிளைத் திணையில் புறநானூற்றில் இருக்கின்றன. அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்ற விதியை வைத்துப் பார்த்தாலே அது புறத்துக்கு வந்த காரணம் புரியும். தவிர, புறத்தில் போட்டார்களே ஒழிய தூக்கி எறியவில்லை. அந்தப் பெண்ணின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறதே. வள்ளுவரும் 'தனிப்படர் மிகுதி' என்று ஒரு அதிகாரம் வைத்து, பதில் கிடைக்காத அன்பைப் பக்கத்தில் போய்த் தொடுகிறார்.

எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் இலக்கண ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இல்லை. அவர்கள் போட்ட கோடு ஒரு பழக்கமாக நம்மிடம் தங்கிவிட்டது என்பதுதான். பிரிவைப் பாடத் தெரிந்த அளவுக்கு இன்மையைப் பேச நமக்குத் தெரியவில்லை.

இரங்கலும் கேலியும்

பழக்கம் எப்படித் தங்கியிருக்கிறது என்று பாருங்கள். ஆள் இல்லாதவரின் ஆசையைப் பேச மரபில் அனுமதி கிடைத்த பெரிய இடம் பக்தி. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் உடம்பு பேசுவதுபோலத் தமிழில் வேறெங்கும் எளிதில் பேசவில்லை. எதிரே இருப்பது பெருமாள் என்பதால் அது கோயிலுக்குள் வர முடிந்தது.

நவீன காலத்தில் 'முதிர்கன்னி' வந்தாள். ஒரு காலத்துப் புதுக்கவிதையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்காத பத்திரிகை இல்லை. வரதட்சணையைச் சாடியவரை அந்தக் கவிதைகள் நல்ல காரியம் செய்தன. ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்பதுதான் துக்கமாக இருந்தது. அவளை யாரும் தொட்டதில்லை என்பது துக்கமாக எழுதப்படவில்லை. அவளே அதைச் சொன்னால் இரங்கியவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

ஆண்களுக்கு இரக்கமும் கிடைக்கவில்லை, கேலிதான். 'மொரட்டு சிங்கிள்', '90ஸ் கிட்ஸ்' மீம்களை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதாகியும் பெண் கிடைக்காதவன் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறான், நாமும் சிரிக்கிறோம். நானும்தான் ஃபார்வர்டு செய்கிறேன். வேறு எந்த வாக்கியத்திலும் அவனால் அதைச் சொல்ல முடியாது என்பதால்தான் அது மீமாக வருகிறது. 'எனக்குத் தனியாப் படுக்க முடியலைடா' என்று நண்பனிடம் சொல்ல நம்மிடம் ஒரு தொனி இல்லை. சொன்னால் ஒன்று சிரிப்பு, இல்லாவிட்டால் சந்தேகம்.

ஒரே பாலினத்தவரை விரும்புகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னொரு மடங்கு. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அவர்கள் விருப்பம் சட்டப்படியே குற்றமாக இருந்தது. அவர்களுக்குத் திணை ஓரத்தில்கூட இடம் ஒதுக்கப்படவில்லை.

வினைவலர் ஊர்

இதையெல்லாம் நெய்வேலியில் இருந்துகொண்டு யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. இது முழுக்க வினைவலருக்காகக் கட்டிய ஊர். 1956இல் நிறுவனம் பதிவானது, 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1962இல் மின்சாரம் வந்தது. மண்ணை அகழும் ராட்சத இயந்திரம் ஜெர்மனியிலிருந்து, முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில். வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். பொருள்வயின் பிரிவு என்று சங்கப் பாட்டு சொல்வதைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய ஊர் என்று சொல்லலாம்.

ஊரைத் திட்டம் போட்டுக் கட்டினார்கள். வட்டம் வட்டமாக எண் போட்ட குடியிருப்பு, நிழல் தரும் மரங்கள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி. பதவிக்குத் தகுந்த குவார்ட்டர்ஸ். இவ்வளவும் யாரை மனசில் வைத்துக் கட்டப்பட்டது? வேலைக்குப் போகும் ஒருவர், அவருக்கு ஒரு துணை, குழந்தைகள். ஊரின் அடிப்படை அலகு குடும்பம். வெளியே வாடகைக்கு வீடு தேடினால் அங்கேயும் முதல் கேள்வி 'ஃபேமிலியா?' என்பதுதான். இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்கிறவர் உடனே கொஞ்சம் சந்தேகத்துக்குரிய ஆளாகிவிடுகிறார்.

சுரங்கமும் மின் நிலையமும் நிற்காது, ஆகவே ஷிப்ட். கணவன் நைட் ஷிப்ட் முடித்து வரும்போது மனைவி வேலைக்கோ, சமையலுக்கோ கிளம்பியிருப்பாள். கல்யாணம் ஆனவர்களுக்கே கட்டிலில் சந்திக்க அட்டவணை பார்க்க வேண்டும். இளம்பூரணர் சொன்னது இதைத்தான். ஒப்பந்தத் தொழிலாளியாக வடக்கிலிருந்து வந்து அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்பவனுக்கு அந்த அட்டவணையும் இல்லை. அவனுக்கு இருப்பது ராத்திரியில் போனில் ஒரு முகம். பக்கத்துப் படுக்கையில் இன்னும் ரெண்டு பேர் இருக்கும்போது அந்த முகத்திடம் என்ன பேச முடியும்?

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வெய்ஸ் 1973இல் வெளியிட்ட புத்தகத்தில் தனிமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று சமூகத் தனிமை: நட்பு, கூட்டம், ஊர் இல்லாதது. இன்னொன்று உணர்வுத் தனிமை: நெருக்கமான ஒற்றை ஆள் இல்லாதது. முதலாவதைக் கொண்டு இரண்டாவதை நிரப்ப முடியாது என்பது அவர் முடிவு. நெய்வேலி மாதிரி ஊர் முதல் தனிமைக்கு நல்ல மருந்து. வாக்கிங் போனால் பத்துப் பேர் வணக்கம் சொல்வார்கள். இரண்டாவதற்கு அது ஒன்றும் செய்வதில்லை, சில சமயம் அதிகமாக்குகிறது. கமலா சரஸ்வதிக்குத் தோழிதானே? தோழி பக்கத்தில் இருந்ததால்தான் அந்த ராத்திரி அவளுக்கு அவ்வளவு கஷ்டமாயிற்று. வெய்ஸ் ஆய்வு செய்து எழுதியதைக் கு.ப.ரா. ஒரு சுவரை வைத்துச் சொல்லிவிட்டார்.

உலகம் இப்போது தனிமையைப் பற்றி நிறையப் பேசுகிறது. பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் அதற்கென்றே அமைச்சர் பொறுப்பை ஏற்படுத்தின. 2023இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆணையம் அமைத்தது. நல்ல காரியங்கள். ஆனால் அந்த ஆணையத்தின் பெயரே சமூக இணைப்பைப் பற்றியது. பக்கத்து வீட்டாரோடு பேசுங்கள், சங்கத்தில் சேருங்கள் என்று சொல்வது சுலபம். 'இந்த மனிதருக்கு ஒரு காதலர் தேவைப்படுகிறது' என்று எந்த அறிக்கையும் எழுதக் கூச்சப்படும். நம் ஊரில் மனைவியை இழந்த, ரிட்டயர்டு ஆன ஒருவர் 'எனக்கு ஒரு துணை வேணும்' என்று பிள்ளைகளிடம் சொல்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். 'அப்பா, கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன்' என்பார்கள். நெய்வேலி நடராஜர் கோயிலில் மனு எழுதிப் போட ஒரு முறைப்பெட்டி இருக்கிறது. துணை வேண்டும் என்று ஆண்டவனுக்கு எழுதிப் போடலாம். பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாது. தபுதார நிலை இன்னும் புறத்தில்தான் இருக்கிறது.

கங்கா

இந்தக் கோட்டைத் தாண்டப் பார்த்தவர் நம் மாவட்டத்துக்காரர், கடலூரில் பிறந்த ஜெயகாந்தன். 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலின் கங்கா படித்தவள், சம்பாதிப்பவள், கல்யாணம் ஆகாதவள். அவள் கதையை 'கற்புப் பிரச்சினை' என்றே பெரும்பாலும் படிக்கிறோம். எனக்கு இப்போது அது தனிமையின் நாவலாகப் படுகிறது. ஒரு காலத்தில் தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போய், அவனோடு நட்பாகி, அவன் விலகும்போது உடைந்துபோகிறாள். இதை வெறும் முரண் என்று விட்டுவிட முடியாது. உலகத்தில் அவளுக்கு நெருக்கமாக வேறு யாரும் அனுமதிக்கப்படவில்லை. சரஸ்வதிக்கு இருந்த 'வருவான்' என்ற நம்பிக்கை இவளுக்கு இல்லை. இது பிரிவு இல்லை, இன்மை.

ஆனால் ஜெயகாந்தனும் பேச்சை மிகுதியாக்கிவிடுகிறார். கங்காவின் தேவை தர்க்கமாக, வாதமாக, சமூகத்தின் மீதான கேள்வியாக மாறிக்கொண்டே இருக்கிறது. அவள் கடைசியில் குடிக்குள் போகும்போது அது தண்டனையா, எதிர்ப்பா என்று நாம் விவாதிக்கலாம். அவளுக்கு ஒரு சாதாரண மாலைப்பொழுது எப்படிப் போயிற்று என்பதில்தான் எனக்கு ஆர்வம். அந்த இடத்தில் கு.ப.ரா.வின் சிக்கனம் பெரிதாகத் தெரிகிறது.

தேவை வேறு, உரிமை வேறு

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை ஆபத்தானது. துணை ஒரு தேவை என்றால், அதை யாராவது எனக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? இல்லை. பசி தேவை, சோறு உரிமை என்று சொல்லலாம். சோற்றுக்கு மனசு கிடையாது. துணைக்கு மனசு உண்டு, மறுக்கவும் உரிமை உண்டு. தமிழ் சினிமா பல வருஷமாக இந்த வித்தியாசத்தை அழித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே சுற்றினால் அவள் சம்மதிப்பாள் என்று கைக்கிளையை அப்படியே குறிஞ்சியாக மாற்றிக் காட்டியது. மறுத்த பெண்கள் மீது ஆசிட்டும் கத்தியும் விழுந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

தொல்காப்பியர் வலிந்து கொள்வதை ஐந்திணைக்கு வெளியே வைத்தது சரி. அதன் பக்கத்திலேயே வயதானவரின் விருப்பத்தை வைத்ததுதான் சிக்கல். ஏங்குவதும் பறிப்பதும் ஒன்று என்று நினைத்தால், ஏங்குகிற எல்லோரையும் பயத்தோடு பார்ப்போம். அவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள். யாரிடமும் சொல்ல முடியாத ஏக்கம் சில பேரிடம் மிடலாகவும் திரும்பலாம்.

'ஆற்றாமை' இதற்கு ஒரு அளவுகோல் தருகிறது. சரஸ்வதி தப்பு செய்கிறாள். கு.ப.ரா. அதைத் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. அதே சமயம் அவள் தவிப்பு பொய் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே அறையில் வைக்கிறார். படிக்கிறவர் அவளோடு கோபித்துக்கொண்டே அவளுக்காக வருத்தப்பட வேண்டியிருக்கிறது. தனியாக இருப்பவர்களைப் பற்றி எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும்தான். இரங்கல் மட்டும் எழுதினால் அவர்கள் முதிர்கன்னி ஆகிவிடுகிறார்கள், சிரிப்பு மட்டும் எழுதினால் மீம்.

தனியாக இருக்கும் எல்லோருக்கும் துணை தேவை என்றும் இல்லை. தனியாக நிம்மதியாக வாழ்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களை விட்டுவிடலாம். வேண்டும் என்று இருந்தும் கிடைக்காதவர்களைப் பற்றித்தான் பேச்சு.

எனக்குப் படிக்க ஆசையாக இருக்கும் கதை இன்னும் எழுதப்படவில்லை. அதில் தலைவன் வரப்போவதில்லை, தெய்வமும் எதிரில் இல்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒரு ஐம்பது வயது ஆள், ஆணோ பெண்ணோ, தன் குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்து உள்ளே போகிறார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, யாரோ யாரையோ எழுப்புகிறார்கள். இவர் யார் கதவையும் தட்டவில்லை. ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்பதை, கூசாமல், கேலி செய்யாமல், எழுத்தாளர் நமக்குச் சொல்லிவிடுகிறார். அதற்குத் திணை எது என்று உரைகாரர்கள் பிறகு சண்டை போட்டுக்கொள்ளட்டும்.